குவியலிலிருந்து எழுந்த மூன்று கார்கள்
அளவுக்காகவே வாழ்ந்த ஹென்றி லீலண்டின் கதை

1908-ம் ஆண்டு மார்ச் மாதம். லண்டன் நகருக்குத் தென்மேற்கே புரூக்லண்ட்ஸ் என்ற இடத்தில் ஒரு மோட்டார் பந்தய மைதானம். அங்கே ஒரு கொட்டகை. கொட்டகைக்குள் பார்த்த இடமெல்லாம் இரும்புச் சாமான்கள். பிஸ்டன், வால்வு, பல்சக்கரம், வில், ஆணி என்று எல்லாம் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. எண்ணிப் பார்த்தால் 2,163 துண்டுகள்.

சில நாட்களுக்கு முன்பு வரை அவை மூன்று கார்களாக ஓடிக்கொண்டிருந்தன.

அமெரிக்காவில் செய்யப்பட்ட மூன்று காடிலாக் கார்கள் அவை. லண்டன் கடையில் விற்பனைக்கு வைத்திருந்த கார்களிலிருந்து, ராயல் ஆட்டோமொபைல் கிளப்பின் அதிகாரிகள் தாங்களே பொறுக்கி எடுத்தார்கள். மைதானத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொரு காரையும் 721 துண்டுகளாகக் கழற்றினார்கள். எந்தத் துண்டு எந்தக் காருடையது என்று எவருக்கும் தெரியாதபடி கலைத்தார்கள். அதோடும் விடவில்லை. மிக நுட்பமான 89 சாமான்களை அப்புறப்படுத்திவிட்டு, கடையின் இருப்பிலிருந்து அதே வகைச் சாமான்களைக் கொண்டுவந்து போட்டார்கள்.

இனி அந்தக் குவியலிலிருந்து மூன்று கார்கள் எழ வேண்டும். மெக்கானிக்குகளின் கையில் ஸ்பானரும் திருப்புளியும்தான். அரம் கூடாது. ராவித் தேய்த்துப் பொருத்துவது கூடவே கூடாது.

மூன்று கார்களும் எழுந்தன! ஒன்றின் நிறம் இன்னொன்றின் மேல் ஏறி, நாடகக் கொட்டகைப் பபூன்கள் போல நின்றன. ஆனால் எஞ்சின்கள் மூன்றும் தயங்காமல் கிளம்பின. மூன்றும் அந்த மைதானத்திலேயே 500 மைல் ஓடி முடித்தன. வழியில் பழுதானது ஒரு சிறு பிளவு ஆணி மட்டுமே.

இந்தப் பரீட்சையை ஏற்பாடு செய்தவர் காடிலாக் காரின் லண்டன் ஏஜண்டு பிரடரிக் பென்னட். அதில் வெற்றி பெற்ற கை வேறொருவருடையது. அந்தக் கைக்குரியவர் அப்போது கடல் கடந்து, டெட்ராய்ட் நகரில் இருந்தார். வயது 65. வெண்தாடி. பெயர், ஹென்றி மார்ட்டின் லீலண்ட்.

(நம் எண்ணூரில் லாரி செய்யும் அசோக் லேலண்டுக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை. அந்தப் பெயர் இங்கிலாந்தில் உள்ள ஓர் ஊரின் பெயர்.)

நம் வீட்டுப் பிள்ளைகளின் வேலை

இது எங்கோ நடந்த பழைய வேடிக்கை என்று வாசகர்கள் எண்ண வேண்டாம். இதைப் படிக்கும் பல வீடுகளிலிருந்து பிள்ளைகள் விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறி ஸ்ரீபெரும்புதூருக்கும், இருங்காட்டுக்கோட்டைக்கும், ஒரகடத்துக்கும் ஷிப்டு வேலைக்குப் போகிறார்கள். அங்கே அவர்கள் நாள்தோறும் செய்வது புரூக்லண்ட்ஸ் கொட்டகையில் நடந்த அதே வேலைதான். தட்டில் வரிசையாக வரும் பிஸ்டன்களில் எதை எடுத்தாலும் எதிரே வரும் எஞ்சினில் அது சேர வேண்டும். சேராவிட்டால் வரிசையே நின்றுபோகும்.

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கம்பெனி 1998-ல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2008-ல் அங்கேயே காப்பா என்ற வகை எஞ்சினுக்குத் தனித் தொழிற்சாலை வந்தது. காப்பா என்பது ஒரே எஞ்சினின் பெயரல்ல. அது ஒரு குடும்பம். மூன்று சிலிண்டர் உள்ளது தம்பி. நான்கு சிலிண்டர் உள்ளது அண்ணன். அண்ணன் தம்பி இருவருக்கும் சிலிண்டரின் குறுக்களவு 71 மில்லிமீட்டர்தான். ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் தொழிற்சாலை வைத்திருக்கும் ராயல் என்பீல்டு கம்பெனியும் ஒரே 349 சி.சி. எஞ்சினைப் பல மாதிரி மோட்டார் சைக்கிள்களில் ஏற்றுகிறது.

ஒரு குடும்பத்து எஞ்சின்கள் சாமான்களைப் பகிர்ந்துகொள்ளும் இந்த ஏற்பாடு எப்படி வந்தது? அதைச் சொல்ல லீலண்டின் வாழ்க்கையைச் சொன்னால் போதும்.

அம்மியும் குழவியும்

நம் வீட்டு ஆட்டுக்கல்லை நினைத்துப் பாருங்கள். வருஷக் கணக்கில் அரைத்து அரைத்து, குழிக்கு ஏற்றபடி குழவி தேய்ந்திருக்கும். பக்கத்து வீட்டுக் குழவியை வாங்கி இதில் போட்டால் சரியாக உட்காராது. ஒவ்வொரு கல்லுக்கும் ஒரே ஜோடிதான்.

அந்தக் காலத்து யந்திரங்களும் அப்படியே இருந்தன. பிட்டர் ஒரு துண்டை எடுப்பார், இன்னொன்றில் வைத்துப் பார்ப்பார், அரத்தால் ராவுவார், மறுபடியும் வைத்துப் பார்ப்பார். கடைசியில் இரண்டும் அருமையாகச் சேர்ந்துவிடும். ஆனால் அவை ஜோடியாகிவிடும். ஒன்று உடைந்தால், அதே ஊர்ப் பட்டறையில் மறுபடியும் ராவித்தான் இன்னொன்றைப் பொருத்த வேண்டும்.

காய்கறி வண்டிக்கு இது போதும். போர்க்களத்தில் நிற்கும் சிப்பாயின் துப்பாக்கிக்குப் போதாது. அங்கே ஒரு விசை உடைந்தால், அரத்தோடு பிட்டரை எங்கே தேடுவது? ஆகவே சாமான்களை ஒன்றுக்கொன்று பொருத்துவதை விட்டுவிட்டு, எல்லாவற்றையும் ஒரே அளவுகோலுக்குப் பொருத்த வேண்டும் என்ற எண்ணம் துப்பாக்கித் தொழிற்சாலைகளில்தான் வேரூன்றியது.

லீலண்ட் தொழில் படித்ததும் அங்கேதான்.

துப்பாக்கியிலிருந்து தையல் மிஷினுக்கு

1843-ம் ஆண்டு பிப்ரவரி 16-ந் தேதி, அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் லீலண்ட் பிறந்தார். வசதியில்லாத வீடு. சிறு வயதிலேயே வூஸ்டர் நகரில் தறி செய்யும் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். உள்நாட்டு யுத்தம் மூண்டபோது, ஸ்பிரிங்பீல்டில் இருந்த சர்க்கார் துப்பாக்கித் தொழிற்சாலையில் கருவி செய்யும் வேலை கிடைத்தது. ஒரு துப்பாக்கியின் விசை எந்தத் துப்பாக்கிக்கும் சேரும் என்பதை அந்த வாலிபர் அங்கே தம் கையாலேயே செய்து அறிந்தார்.

1864-ல், வாக்குரிமை கிடைத்ததும், அவர் போட்ட முதல் வோட்டு ஆபிரகாம் லிங்கனுக்கு. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளட்டும். பின்னால் வரும்.

யுத்தம் முடிந்த பிறகு கோல்ட் துப்பாக்கிக் கம்பெனியில் வேலை பார்த்தார். பிறகு பிராவிடன்ஸ் நகரில் இருந்த பிரௌன் அண்டு ஷார்ப் கம்பெனிக்குப் போனார். நுட்பமான அளவுக் கருவிகளுக்குப் பெயர் பெற்ற இடம் அது. அங்கே தையல் மிஷின் செய்யும் பகுதி அவர் பொறுப்பில் வந்தது. கையால் இயக்கும் முடிவெட்டும் மிஷின் ஒன்றையும் அவர் அங்கே உருவாக்கினார். சலூனில் பிடரி முடியைக் கத்தரிக்கும் அந்தச் சின்னக் கருவிக்கும், பின்னால் வந்த பெரிய காருக்கும் ஒரே மூளைதான் தகப்பன்!

47 வயதில் பலர் ஓய்வைப் பற்றி நினைப்பார்கள். லீலண்ட் அந்த வயதில்தான் சொந்தத் தொழில் தொடங்கினார். 1890-ல் டெட்ராய்ட் நகருக்கு வந்து, மர வியாபாரி ராபர்ட் பாக்னரின் பணத்தோடு ஒரு பட்டறை வைத்தார். சைக்கிள்களுக்குப் பல்சக்கரம் செய்தார். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவு அவருடைய பட்டறையில் அன்றாடப் பேச்சாயிற்று. நம் தலைமயிர் ஒன்றின் கனத்தில் அது பாதியோ மூன்றில் ஒரு பங்கோதான் இருக்கும்.

ஒரே படம், வேறு பலம்

1901-ல் ஓல்ட்ஸ் என்ற கார் கம்பெனி லீலண்டிடம் எஞ்சின்களை ஆர்டர் செய்தது. அதே எஞ்சினை வேறு பட்டறையும் செய்து கொடுத்தது. இரண்டுக்கும் வரைபடம் ஒன்றே. ஆனால் லீலண்டின் எஞ்சினுக்குப் பலம் கூடுதலாக இருந்தது.

மந்திரம் ஒன்றுமில்லை. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே இடைவெளி அதிகமானால், வெடித்த வாயு அந்த வழியே நழுவிப் போகும். குறைந்தால் உராய்ந்து சூடேறும். அளவு சரியாக இருந்தால் வெடிப்பின் பலம் இப்படி வீணாவது குறையும்.

லீலண்ட் அந்த எஞ்சினின் வால்வு முதலியவற்றை மாற்றி, அதே உருவத்தில் 10 குதிரைச் சக்திக்கு மேல் வரும்படி செய்தார். பழைய எஞ்சினுக்கு நான்கு கூட வராது. ஆனால் ஓல்ட்ஸ் கம்பெனி அதை வேண்டாம் என்றது. கருவிகளையெல்லாம் மாற்ற வேண்டும், காலதாமதமாகும் என்பது காரணம். நல்ல எஞ்சின் ஒன்று வாங்குவாரில்லாமல் பட்டறையில் கிடந்தது.

போர்டு விட்டுச் சென்ற தொழிற்சாலை

1902-ம் ஆண்டு. டெட்ராய்ட்டில் ஹென்றி போர்டு கம்பெனி என்ற ஸ்தாபனம் மூடப்படும் நிலையில் இருந்தது. போர்டு சில மாதங்களுக்கு முன்பே விலகிவிட்டார். பணம் போட்ட முதலாளிகள், யந்திரங்களை விற்றால் என்ன விலை போகும் என்று மதிப்பிட லீலண்டை அழைத்தார்கள்.

அவர் மதிப்பீட்டைக் கொடுத்தார். கூடவே தம் எஞ்சினையும் காட்டினார். தொழிற்சாலையை மூட வேண்டாம், இந்த எஞ்சினை வைத்துக் கார் செய்யலாம் என்று யோசனை சொன்னார். முதலாளிகள் மனம் மாறினார்கள். டெட்ராய்ட் நகரை 1701-ல் நிறுவிய பிரெஞ்சுக்காரர் காடிலாக்கின் பெயரைப் புதிய கம்பெனிக்குச் சூட்டினார்கள்.

லீலண்டின் தொழிற்சாலையில் அளவே சட்டம். ஒவ்வொரு சாமானுக்கும் கேஜ் எனப்படும் அளவுக் கருவி இருந்தது. அதற்கு இரண்டு வாய். ஒன்றில் சாமான் நுழைய வேண்டும். மற்றொன்றில் நுழையக் கூடாது. இரண்டும் சரியானால் சாமான் தேறியது. இல்லையென்றால் தள்ளுபடி. பார்ப்பவரின் அனுபவம், கண், மனநிலை எதற்கும் அங்கே இடமில்லை. ஸ்வீடன் நாட்டு யோஹான்சன் கண்டுபிடித்த நுட்பமான அளவுக் கட்டைகளை அமெரிக்காவில் முதலில் வாங்கியவர்களில் லீலண்டும் ஒருவர்.

அந்தக் கேஜின் வாயில் தேறிய சாமான்கள்தான் புரூக்லண்ட்ஸ் குவியலில் கிடந்தன. அதனால்தான் அவை எந்தக் காரில் போட்டாலும் சேர்ந்தன. 1908-ம் ஆண்டுக்குரிய டூவர் கோப்பை காடிலாக்குக்குக் கிடைத்தது. அமெரிக்கக் கார் ஒன்று அதைப் பெற்றது அதுவே முதல் தடவை. அதுவரை அமெரிக்கக் காரை மட்டமாக நினைத்த ஐரோப்பா திரும்பிப் பார்த்தது.

அரம் பிடித்த கை

இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ராவிப் பொருத்தும் பிட்டர், தம் கைத்திறமையால் பிழைத்தவர். அந்தத் திறமை வர வருஷங்கள் பிடிக்கும். கேஜ் வந்த பிறகு, அவர் இல்லாமலே சாமான் பொருந்தியது. சில வாரங்களில் வேலை பழகியவர்கள் அவருடைய இடத்துக்கு வந்தார்கள். முதலாளியிடம் பேரம் பேசும் பலம் அவர் கையை விட்டுப் போயிற்று. லீலண்ட் தொழிற்சங்கங்களை விரும்பியவரும் அல்லர்.

ஆனால் திறமை அழியவில்லை. இடம் மாறியது. கேஜைச் செய்வதற்கும், யந்திரத்துக்கு அளவு வைப்பதற்கும் முன்னைவிட நுட்பமான கைகள் வேண்டியிருந்தன. அத்தகையவர்களைப் பயிற்றுவிக்க 1907-ல் காடிலாக் தொழிற்சாலை ஒரு பள்ளிக்கூடமே தொடங்கியது. அரத்தை வைத்துவிட்டு அங்கே போகக் கொடுத்து வைத்தவர்கள் சிலர். எல்லோருக்கும் அது வாய்க்கவில்லை.

ஒரே சிலிண்டர், நான்கு எஞ்சின்கள்

1909-ல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி காடிலாக்கை வாங்கியது. லீலண்டும் அவர் மகன் வில்பிரடும் நிர்வாகத்தில் நீடித்தார்கள். கைப்பிடி சுழற்றாமல் மின்சாரத்தால் கிளம்பும் 1912-ம் வருஷ மாடல் கார், காடிலாக்குக்கு இரண்டாம் தடவையும் டூவர் கோப்பையைக் கொண்டுவந்தது. 1914-ல் எட்டு சிலிண்டர் எஞ்சின் வந்தது.

1917-ல் அமெரிக்கா முதல் உலக யுத்தத்தில் இறங்கியது. ஆகாய விமானங்களுக்கு எஞ்சின் தேவை. ஐரோப்பாவில் பல வகை எஞ்சின்கள் இருந்ததால், ஒன்றின் சாமான் மற்றொன்றுக்குச் சேராமல் திண்டாட்டம். ஆகவே ஜெஸ்ஸி வின்சென்ட், எல்பர்ட் ஹால் என்ற இரண்டு நிபுணர்கள் வாஷிங்டன் ஓட்டல் அறை ஒன்றில் அமர்ந்து, சில நாட்களுக்குள் புதிய எஞ்சின் ஒன்றை வரைந்தார்கள். அதன் பெயர் லிபர்ட்டி.

அதில் சிலிண்டர் ஒரே மாதிரி. குறுக்களவு 5 அங்குலம். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 7 அங்குலம். அந்தச் சிலிண்டரை 4, 6, 8, 12 என்று வேண்டிய எண்ணிக்கையில் அடுக்கி எஞ்சின் செய்துகொள்ளலாம். இருங்காட்டுக்கோட்டையின் அண்ணன் தம்பி எஞ்சின்களுக்கு இது ஒரு பாட்டன் முறை!

லிபர்ட்டி எஞ்சினைச் செய்வதற்காக லீலண்ட் ஜெனரல் மோட்டார்சை விட்டு விலகினார். அப்போது வயது 74. புதிய கம்பெனி தொடங்கி, தாம் முதல் வோட்டுப் போட்ட லிங்கனின் பெயரை வைத்தார். பல கம்பெனிகள் ஒரே அளவில் லிபர்ட்டியைச் செய்தன. போர்டு கம்பெனி மற்றவர்களுக்கும் சிலிண்டர் செய்து கொடுத்தது. மொத்தம் சுமார் 20,000 எஞ்சின்கள் உருவாயின. லிங்கன் கம்பெனியின் பங்கு 6,500. புரூக்லண்ட்ஸில் மூன்று கார்களுக்குள் நடந்த கலப்பு, இப்போது பல தொழிற்சாலைகளுக்குள் நடந்தது.

கடைசிச் சோதனை

யுத்தம் முடிந்தது. ஆர்டர் நின்றது. பெரிய தொழிற்சாலையும் தொழிலாளர்களும் மிச்சம். 1920-ல் லிங்கன் கார் வெளிவந்தது. அதன் எஞ்சினில் எவரும் குறை சொல்ல முடியவில்லை. ஆனால் அளவு தேறாத எதையும் வெளியே விட லீலண்ட் சம்மதிக்காததால் கார்கள் தாமதமாக வந்தன. உருவமும் பழைய பாணியாக இருந்தது. வியாபார மந்தம் வேறு. போர்க்கால வரி பாக்கி என்று சர்க்கார் பெருந்தொகை கேட்டது.

1922 பிப்ரவரி 4-ந் தேதி கம்பெனி ஏலத்துக்கு வந்தது. 80 லட்சம் டாலருக்கு வாங்கியவர் யார் தெரியுமா? ஹென்றி போர்டு! இருபது வருஷங்களுக்கு முன் போர்டு விட்டுப்போன தொழிற்சாலையில் லீலண்ட் எழுந்தார். இப்போது லீலண்டின் தொழிற்சாலையில் போர்டு நுழைந்தார்.

இருவரும் சேர்ந்து நடத்தலாம் என்ற பேச்சு அதிக நாள் நிலைக்கவில்லை. அந்த ஜூன் மாதத்தில், தம் கையால் கட்டிய தொழிற்சாலையை விட்டு 79 வயதில் லீலண்ட் வெளியேறினார். பங்குதாரர்களுக்கு நஷ்டஈடு தருவதாகப் போர்டு வாக்களித்தார் என்று வழக்குத் தொடுத்தும் பலனில்லை. 1932 மார்ச் 26-ந் தேதி, 89-வது வயதில் டெட்ராய்ட்டில் காலமானார்.

காடிலாக், லிங்கன் என்ற இரண்டு கார்களைத் தந்தவர். இரண்டிலும் அவர் பெயர் இல்லை.

எல்லாம் சேருமா?

லீலண்ட் கதையைக் கேட்டுவிட்டு, ஒரே குடும்பத்து எஞ்சின் என்றால் எதை வேண்டுமானாலும் மாற்றிப் போடலாம் என்று புதுப்பேட்டைக்குக் கிளம்பிவிடக் கூடாது. மெக்கானிக்குகளுக்கு இது தெரியும். கார் வைத்திருப்பவர்களும் தெரிந்துகொள்வது நல்லது.

காப்பா குடும்பத்தையே பார்ப்போம். குறுக்களவு இரண்டிலும் 71 மில்லிமீட்டர். ஆனால் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் மூன்று சிலிண்டர் ஒரு லிட்டர் எஞ்சினில் 84 மில்லிமீட்டர். நான்கு சிலிண்டர் 1.2 லிட்டர் எஞ்சினில் 75.6 மில்லிமீட்டர். ஆகவே வட்டம் ஒத்திருக்கிறதே என்று ஒன்றின் பிஸ்டனை மற்றொன்றில் போட்டுவிட முடியாது. பிஸ்டனின் உயரம், தலையின் வடிவம், அது தாங்கும் அழுத்தம் எல்லாம் ஒத்திருக்க வேண்டும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவதை நம்பாமல், சாமானின் நம்பரைப் பார்ப்பதே முறை.

இன்றைய எஞ்சினுக்குள்ளும் சில அம்மி குழவிகள் இருக்கின்றன. கிராங்க் ஷாப்டைத் தாங்கும் பேரிங் மூடிகளை எஞ்சின் பிளாக்கில் பூட்டி வைத்தே துளை கடைகிறார்கள். அந்த மூடி அந்தப் பிளாக்குக்கு மட்டுமே சொந்தம். இப்போதைய பல எஞ்சின்களில் கனெக்டிங் ராடின் மூடியை வெட்டுவதில்லை. ஒரே துண்டாகச் செய்து பின் உடைத்துப் பிரிக்கிறார்கள். உடைந்த முகத்தின் மேடு பள்ளம் அதன் ஜோடிக்கு மட்டுமே பொருந்தும். இவற்றைக் கழற்றும்போது அடையாளம் போடாமல் கலந்துவிட்டால், எஞ்சினே பாழாகிவிடும். எதைக் கலக்கலாம், எதைக் கலக்கக் கூடாது என்று அறிவதுதான் நல்ல மெக்கானிக்குக்கு அழகு.

ஒரு சாமான் இன்னொரு எஞ்சினில் சேர்கிறது என்றால் அதற்கு என்ன பொருள்? அதைச் செய்தவர், தாம் ஒருபோதும் பார்க்கப் போகாத ஒருவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார் என்று பொருள். நடுவழியில் வண்டி நின்று, பக்கத்து ஊர்க் கடையில் வாங்கிய புதுச் சாமான் முதல் தடவையிலேயே பொருந்தி, ஒரு குடும்பம் இரவுக்குள் வீடு போய்ச் சேர்கிறதே, அப்போது அந்த வாக்கு நிறைவேறுகிறது. லீலண்ட் தம் கம்பெனியை இழந்தார். அந்த வாக்கை மட்டும் இழக்கவில்லை.

இன்று இரவு ஷிப்டில், ஒரகடத்திலோ இருங்காட்டுக்கோட்டையிலோ, ஏதோ ஓர் ஊரிலிருந்து வந்த ஒரு பெண் கேஜைக் கையில் எடுப்பாள். ஒரு வாயில் சாமான் நுழைகிறதா, மறுவாயில் நுழையாமல் நிற்கிறதா என்று பார்ப்பாள். தேறாததைச் சிவப்புப் பெட்டியில் போடுவாள். வெர்மாண்ட் விவசாயியின் மகன் தம் வாழ்நாளெல்லாம் செய்த வேலையும் அதுதான்.